எரியாத குழல் விளக்கு

சங்கங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்யச் செல்லுங்கால், சில்லறைச் செலவுத் தலைப்பின் கீழ் நாம் தவறாமற் காண்கின்ற இனங்கள் மூன்று. ஒன்று தேநீர், மற்றொன்று பூட்டு, மூன்றாவது டியூப் லைட்டும் அதன் உறுப்புகளும். முதலிரண்டைப் பற்றி இங்கு ஒன்றும் சொல்லப் போவதில்லை. மூன்றாவதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டிய அவசியம், ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் தணிக்கையின்போது நமக்கு ஏற்பட்டது.

அச்சங்கத்தின் தறிக்கூடத்தில் உள்ளவை ஆறே விளக்குகள். அவற்றிற்காக ஓராண்டில் 14 குழல்களும், 22 ஸ்டார்ட்டர்களும், 3 சோக்குகளும் வாங்கியதாகச் செலவுச் சீட்டுகள் இருந்தன. செயலாளர் நேர்மையானவர், சீட்டுகளும் ஒழுங்கானவை, பொருள்களும் மெய்யாகவே வாங்கப்பட்டவை. கழித்துப்போட்ட குழல்கள் பதினான்கும் கயிற்றால் கட்டப்பட்டுச் சுவர் மூலையில் சாத்தப்பட்டிருந்தன. இருந்தும், நாம் சென்றிருந்த அன்று மாலையில் கடைசி இரண்டு விளக்குகள் எரியவில்லை. முனைகளில் மட்டும் செந்நிறம் தோன்றுவதும், கண் சிமிட்டுவதும், மீண்டும் இருள்வதுமாக இருந்தன. அவற்றின் கீழிருந்த இரு தறிகளும் ஓடவில்லை.

நல்ல குழல் ஒன்று பல ஆயிரம் மணி நேரம் எரிய வல்லது. நாள் ஒன்றுக்கு 5 மணி நேரம், ஆண்டிற்கு 300 நாள் என்று கணக்கிட்டாலும் 1,500 மணி நேரமே ஆகிறது. ஆதலின் ஒரு குழல் சில ஆண்டுகளேனும் உழைத்தல் வேண்டும். ஆறு விளக்குகளுக்கு ஓராண்டில் பதினான்கு குழல் என்றால், குற்றம் குழலில் இல்லை என்பதைக் கணக்குப் புத்தகமே சொல்கிறது. குற்றம் எங்கே என்பதை அறிய, விளக்கு எரிகின்ற விதத்தை அங்கத்தினர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது கடினமானதன்று. நெசவாளருக்கும் விவசாயிக்கும் பழக்கமான விஷயங்களைக் கொண்டே அதை விளக்கிவிடலாம்.

விளக்கு எரிவது எங்ஙனம்?

பழைய குண்டு விளக்கில் ஒரு மெல்லிய கம்பி சூடேறி ஒளி தந்தது. குழல் விளக்கில் அவ்வாறன்று. 1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த காலந்தொட்டு இவ்விளக்கின் அடிப்படை மாறவேயில்லை. கண்ணாடிக் குழலினுள் சிறிதளவு ஆர்கான் வாயுவும், பொட்டளவு பாதரசமும் உள்ளன. இரு முனைகளிலும் ஒவ்வொரு மின்னிழை உண்டு. மின்சாரம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வாயுவின் ஊடே பாயுங்கால், பாதரச ஆவி கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிரை வெளியிடுகிறது. குழலின் உட்சுவரில் பூசியுள்ள வெண்ணிறப் பொடி அக்கதிரை வாங்கி, நாம் காண்கின்ற ஒளியாக மாற்றித் தருகிறது.

ஆனால் குளிர்ந்து கிடக்கும் குழலின் ஊடே 230 வோல்ட் மின்சாரம் தானாகப் பாய்ந்துவிடாது. அதற்கு ஒரு தூண்டுதல் வேண்டும். ஸ்டார்ட்டரும் சோக்கும் அதற்காகவே அமைந்தவை.

ஸ்டார்ட்டர் என்பது கட்டை விரலளவான சிறு டப்பி. அதனுள் ஒரு சின்னஞ்சிறு கண்ணாடிக் குமிழும், ரேடியோவில் இரைச்சல் எழாதபடி தடுப்பதற்கான ஒரு மின்தேக்கியும் உள்ளன. குமிழினுள் இரு முனைகள். அவற்றுள் ஒன்று சூட்டில் வளைகின்ற ஈருலோகத் தகடு. சுவிட்சைப் போட்டவுடன் குமிழினுள் மெல்லிய ஒளி தோன்றுகிறது. அந்தச் சூட்டில் தகடு வளைந்து மறுமுனையைத் தொடுகிறது. உடனே மின்சாரம் குழலின் இரு முனை இழைகள் வழியாகவும் ஓடி அவற்றைச் சிவக்கக் காய்ச்சுகிறது. தகடு தொட்டுவிட்டபடியால் குமிழின் ஒளி அணைகிறது, சூடு தணிகிறது, தகடு மீண்டும் விலகுகிறது. அவ்வாறு விலகும் அந்தக் கணத்தில்தான் சோக் தன் வேலையைச் செய்கிறது.

பம்புசெட் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். நீண்ட குழாயில் விரைந்து ஓடிக்கொண்டிருக்கும் நீரைத் திடுமென வால்வை மூடி நிறுத்தினால், குழாய் ‘டப்’பென்று உதைக்கும். ஓடும் நீர் தன் வேகத்தை விடாது முட்டுவதால் எழும் உதை அது. சோக் என்பது இரும்புத் தகடுகளின்மேல் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள். அதில் ஓடும் மின்சாரத்தை ஸ்டார்ட்டர் திடீரெனத் துண்டிக்குங்கால், சுருள் அதே போன்று உதைக்கிறது. வீட்டு மின்சாரத்தைக் காட்டிலும் பல மடங்கு உயர்ந்த மின்னழுத்தம் ஒரு கணம் எழுந்து குழலை ஊடுருவுகிறது. விளக்கு பற்றிக்கொள்கிறது.

பற்றிய பின்னரும் சோக்கிற்கு வேலை உண்டு. வாயுவின் ஊடே மின்சாரம் பாயத் தொடங்கினால், அது ஏரிக்கரையில் ஏற்பட்ட உடைப்புப் போன்றது. பாயப் பாய வழி பெரிதாகும். வழி பெரிதாகப் பெரிதாக இன்னும் பாயும். தடுக்க ஒன்று இல்லையேல் குழல் நொடியில் அழிந்துபோகும். சோக்கே இங்கு மதகாக நின்று அளவைக் கட்டுகிறது. 4 அடிக் குழல் எரியும்போது அதன் இரு முனைகளுக்கிடையே ஏறத்தாழ 100 வோல்ட்டே நிற்கும். அது ஸ்டார்ட்டரைக் கிளப்பப் போதாது. ஆகவே ஸ்டார்ட்டர் சும்மா இருந்துவிடுகிறது. எரிகின்ற விளக்கிலிருந்து ஸ்டார்ட்டரைக் கழற்றினாலும் விளக்கு அணையாதது இதனால்தான்.

அடையாளங்களைக் காணல்

விளக்கு எரியவில்லை என்று அங்கத்தினர்கள் சொல்லும்போது, நாம் கேட்கும் முதற்கேள்வி ‘எப்படி எரியவில்லை?’ என்பதே. எரியாமையிலும் வகைகள் பல. மருத்துவர் நாக்கைப் பார்ப்பது போல முனைகளைப் பார்க்க வேண்டும்.

முனைகளில் சிறிதும் ஒளியில்லை, விளக்கு அடியோடு செத்துக் கிடக்கிறது எனில், முதலில் அதே வரியிலுள்ள மற்ற விளக்குகளும் விசிறியும் இயங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். இயங்கவில்லையேல் பியூஸ் கட்டையையோ எம்.சி.பி.யையோ பார்க்க வேண்டுமேயன்றி விளக்கைத் தொட வேண்டுவதில்லை. மற்றவை இயங்கினால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, குழலை ஹோல்டரில் மெல்லச் சுழற்றிப் பொருத்திப் பார்க்கலாம். நாம் கண்டவரையில், இறந்ததாகக் கருதிய விளக்குகளுள் கணிசமானவை இந்த ஒரு திருப்பலிலேயே உயிர் பெற்றன. ஹோல்டரின் பித்தளைத் தகடுகள் நாளடைவில் தளர்ந்தும் பச்சை பிடித்தும் போகின்றன. உரக் கிடங்கு வைத்திருக்கும் விவசாயச் சங்கங்களில் இது மிகுதி. உரத்தின் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு பித்தளையையும் இரும்பையும் அரிக்கிறது. அங்கு விளக்கை உர மூட்டைகளுக்கு நேர்மேலே அமைக்காமல், காற்றோட்டமுள்ள வாயிற்பக்கம் அமைப்பது நன்று.

திருப்பியும் எரியவில்லையா? அடுத்த விளக்கில் நன்றாக வேலை செய்யும் ஸ்டார்ட்டரைக் கழற்றி இதில் போட்டுப் பாருங்கள். புதியது வாங்கச் சைக்கிளில் கடைக்கு ஓட வேண்டாம். இதற்கும் பயன் இல்லையெனில் குழலைக் கழற்றி, நன்றாக எரியும் மற்றொரு பிட்டிங்கில் மாட்டிப் பாருங்கள். இங்கு வரிசை முக்கியம். சந்தேகத்திற்குரிய குழலை நல்ல பிட்டிங்கிற்குக் கொண்டு போக வேண்டுமேயன்றி, நல்ல குழலைச் சந்தேகத்திற்குரிய பிட்டிங்கிற்குக் கொண்டு வரலாகாது. காரணம், சோக்கின் சுருள் உள்ளுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிப் பழுதாகியிருந்தால், மதகில்லாத மடை போல மின்சாரம் பாய்ந்து புதுக் குழலின் இழைகளைப் பளிச்சென்று எரித்துவிடும். அடுத்தடுத்து இரண்டு குழல்கள் போட்ட மாத்திரத்தில் பளிச்சிட்டு இறந்தால், மூன்றாவதை எடுக்காதீர்கள். சோக்கைச் சோதிக்க வயர்மேனை அழையுங்கள். அவர் ஒரு குண்டு விளக்கைத் தொடராக இணைத்து, அது மங்கலாக எரிகிறதா, முழு ஒளியோடு எரிகிறதா, எரியவே இல்லையா என்று பார்த்து, சோக்கின் நிலையை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். மங்கல் என்றால் நலம். முழு ஒளி என்றால் உள்ளே ஒட்டிவிட்டது. இருள் என்றால் கம்பி அறுந்துவிட்டது.

முனைகள் இரண்டும் விடாது சிவந்திருக்க, நடுவில் மட்டும் ஒளியில்லையெனில் அது வேறு நோய். ஸ்டார்ட்டரின் தகடு ஒட்டிக்கொண்டுவிட்டது, அல்லது அதனுள்ளிருக்கும் மின்தேக்கி பழுதாகிவிட்டது. இந்நிலையில் விளக்கை விட்டுவைத்தால் முனை இழைகள் ஓயாது காய்ந்து விரைவில் அழியும். இரண்டு ரூபாய்ச் சோம்பலுக்கு ஒரு குழலைப் பலிகொடுத்ததாகும். சுவிட்சை உடனே நிறுத்தி ஸ்டார்ட்டரை மாற்றுக.

மின்னி மின்னி அணைவது மூன்றாம் வகை. முனைகள் கன்னங்கரேலென்று கறுத்திருந்தால் குழலுக்கு வயதாகிவிட்டது என்று பொருள். முனை இழையின்மேல் பூசியுள்ள மருந்து ஒவ்வொரு தடவை பற்றும்போதும் சிறிது தெறித்துப் போகிறது. தெறித்தது கண்ணாடியில் படிந்து கறுப்பாகிறது. எனவே அடிக்கடி போட்டு அணைக்கும் விளக்கு விரைவில் கறுக்கும். ஆனால் முனைகள் வெண்மையாக இருந்தும் மின்னினால் குழலைக் குறை கூறலாகாது. ஸ்டார்ட்டர் நலிந்திருக்கலாம். அன்றி, மின்னழுத்தம் தாழ்ந்திருக்கலாம். ஏறத்தாழ 180 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்டால், செம்புச் சோக் பொருத்திய விளக்கு பெரும்பாலும் பற்றாது. வயற்புறத்தில் பம்புசெட்டுகள் ஒருங்கே ஓடும் வேளைகளில் இத்தகைய தாழ்வைப் பலரும் கண்டிருப்பார்கள்.

சோக் ரீங்கரிப்பதைப் பலர் பெரும் பழுதாகக் கருதுகிறார்கள். இரும்புத் தகடுகள் சற்றுத் தளர்ந்தால் ஒலி எழும். அதனால் மட்டும் தீங்கில்லை. கருகிய நாற்றமும், தொட முடியாத சூடும், பிட்டிங்கிலிருந்து கருநிறப் பிசின் ஒழுகுவதுமே அஞ்சத்தக்கவை.

தறிக்கூடத்தில் கண்டது

நிற்க. மேற்சொன்ன சங்கத்திற்கு மீண்டும் வருவோம்.

நாம் செலவுச் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கினோம். 14 குழல்களுள் 2 மட்டுமே ஐப்பசிக்கு முன் வாங்கியவை. ஏனைய 12-உம் அதன் பின்னர் ஐந்து மாதங்களுக்குள் வாங்கியவை. சோக்குகள் மூன்றும் அப்படியே. ஐப்பசியில் என்ன நேர்ந்தது என்று செயலாளரைக் கேட்டோம். அவருக்கு நினைவில்லை. தார் சுற்றிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர்தாம் தலைநிமிர்ந்து பதில் சொன்னார்.

“ஐப்பசி மழையிலே அந்தச் சுவரோரம் ஓடு ஒழுகிச்சு ஐயா. அதுக்கப்புறந்தான் இந்தக் கூத்து. காலையிலே ஒத்தை விளக்கைப் போட்டா எந்த விளக்கும் நல்லாத்தான் எரியும். சாயங்காலம் எல்லாத்தையும் போட்டாத்தான் கடைசி ரெண்டும் சிணுங்கும்.”

“இதை யாரிடமாவது சொன்னீர்களா, அம்மா?” என்றோம்.

“என்னை யாரு கேட்டா?” என்றார் அவர்.

இந்த ஒரு வாக்கியத்தில் நோயின் முழு வரலாறும் இருந்தது. தனியே போட்டால் எரியும் விளக்கு, எல்லாம் சேர்ந்து எரியுங்கால் எரியாது என்றால், குழலோ ஸ்டார்ட்டரோ சோக்கோ காரணமாக இருக்க முடியாது. அவை மூன்றும் பக்கத்து விளக்கு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்பதை அறியா. எல்லா விளக்குகளுக்கும் பொதுவான கம்பியில் எங்கோ ஓர் இணைப்புத் தளர்ந்திருக்க வேண்டும். வாய்க்காலின் நடுவே மண் சரிந்து கிடந்தால், ஒரு மடைக்குப் பாய்ச்சும்போது நீர் போதும். ஆறு மடைகளையும் திறந்தால் கடைமடை காயும். மின்சாரம் எவ்வளவுக்கு எவ்வளவு மிகுதியாக அந்தத் தளர்ந்த இணைப்பின் வழியே ஓடுகிறதோ, அவ்வளவுக்கு மின்னழுத்தம் அங்கேயே விழுந்துபோகும்.

மறுநாள் லைசென்ஸ் பெற்ற வயர்மேன் ஒருவரை வரவழைத்தோம். மாலையில் எல்லா விளக்குகளையும் போட்டு அளந்தார். மெயின் போர்டில் 208 வோல்ட். தறிக்கூடத்துக் கடைசி முனையில் 172. இடையில் 36 வோல்ட் எங்கே போயிற்று? ஒழுகிய ஓட்டிற்கு நேர்கீழே, சுவரிலிருந்த இணைப்புப் பெட்டியை மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் திறந்தபோது விடை கிடைத்தது. நியூட்ரல் கம்பிகள் இரண்டை வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். மழைநீர் இறங்கி முறுக்கு பச்சை பிடித்துத் தளர்ந்து, டேப் கருகி உதிர்ந்திருந்தது. விழுந்த 36 வோல்ட்டும் அங்கே வெப்பமாக மாறிக்கொண்டிருந்திருக்கிறது. பெட்டியின் அடியில் விரற்கடை ஆழத்திற்குப் பஞ்சுத் தூசு படிந்திருந்தது. அதன் மேற்புறம் பழுப்பேறிக் காய்ந்திருந்ததைக் கண்டபோது, வயர்மேனும் நாமும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்தச் சுவருக்கு மறுபுறந்தான் நூல் இருப்பு அறை.

முதலில் வந்து பார்த்துப் போன உள்ளூர் ஆள் டெஸ்டரை மட்டும் வைத்துப் பார்த்திருக்கிறார், டெஸ்டர் எரிந்தது, ‘கரண்டு வருகிறது, குழல்தான் போச்சு’ என்று முடிவு கட்டிவிட்டார். டெஸ்டரில் ஒளி தெரிவது அந்தக் கம்பியில் மின்னழுத்தம் இருப்பதற்கு மட்டுமே அடையாளம். மின்சாரம் போய்த் திரும்பும் வழி முழுமையாக உள்ளதா என்பதை அது சொல்லாது. நியூட்ரல் அறவே துண்டிக்கப்பட்டால், அதே வரியிலுள்ள மற்ற விளக்குகளின் வழியே வந்த மின்சாரத்தால் நியூட்ரல் கம்பியிலும் டெஸ்டர் எரியும். இரு கம்பிகளிலும் டெஸ்டர் எரிந்தால் இரட்டிப்பு மின்சாரம் வருகிறது என்று மகிழ்ந்தவர்களையும் நாம் அறிவோம். அது அபாய அறிகுறி.

புதுக் குழல் போட்டதும் ஒரு வாரம் எரிந்ததே, அது எப்படி என்று செயலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. புதிய குழல் பழையதைவிடச் சற்றுக் குறைந்த அழுத்தத்திலும் பற்றிக்கொள்ளும். இணைப்பு நாளுக்கு நாள் கெட்டு வந்தபடியால், சில நாளில் புதியதற்கும் போதாமற் போயிற்று. இடையில் ஸ்டார்ட்டர் நூறு முறை முயன்று முயன்று முனைகளையும் கறுக்கச் செய்தது. கறுத்த முனையைக் கண்டு மீண்டும் குழலையே குற்றஞ்சாட்டினார்கள்.

இணைப்பைத் திருகாணிக் கனெக்டரில் புதிதாக முடுக்கிக் கட்டியதும் ஆறு விளக்குகளும் எரிந்தன. மூலையில் சாத்தியிருந்த பழைய குழல்களை நல்ல பிட்டிங்கில் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தோம். 8 குழல்கள் நன்றாக எரிந்தன. 2 சற்று மங்கலாக எரிந்தன. 4 மட்டுமே உண்மையில் இறந்தவை.

குழல்களின் விலையோடு இக்கணக்கு முடியவில்லை. துணி வாங்கும் பதிவேட்டைப் புரட்டியபோது, அந்த ஐந்து மாதங்களில் இரண்டாந்தரம் எனக் குறித்துக் கூலி பிடித்தம் செய்யப்பட்ட துணிகளில் பெரும்பாலானவை, கடைசி இரு விளக்குகளின் கீழிருந்த இரு தறிகளிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. அறுந்த பாவு இழையைச் சிமிட்டும் வெளிச்சத்தில் காண முடியாமல் நெய்துகொண்டே போயிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் கண்ணில் கோளாறு என்று எண்ணிக் கண்ணாடியும் வாங்கிவிட்டார். இதை நாம் தணிக்கைக் குறிப்பில் எழுதினோம். நிர்வாகக் குழு கூடி, பிடித்தம் செய்த கூலியைத் திருப்பிக் கொடுக்கத் தீர்மானித்தது. இயக்குநர்களுள் ஒருவர் மட்டும், இதை முன்மாதிரியாகக் கொண்டு எல்லோரும் விளக்கைக் காரணம் காட்டுவார்கள் என்று தம் மறுப்பைப் பதிவு செய்தார். அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இல்லாமலில்லை. அதற்கு மருந்து, எந்த விளக்கு எந்த நாளில் பழுது, யார் பார்த்தார், என்ன மாற்றினார் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பதே.

கைவைக்குமுன் கவனிக்க வேண்டியவை

சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற துணிவில் பிட்டிங்கைத் திறக்கலாகாது. சுவிட்சு பேஸ் கம்பியில் இருக்க வேண்டியது முறை. அறியாதார் கையால் அமைந்த வயரிங்கில் அது நியூட்ரலில் இருப்பதும் உண்டு. அப்படியானால் விளக்கு அணைந்திருந்தாலும் பிட்டிங்கில் மின்சாரம் நிற்கும். அணைத்த பின்னும் இரவில் விளக்கு மின்மினி போல மங்கலாக ஒளிர்ந்தால் இந்தத் தவறு உண்டோவென்று சந்தேகிக்க வேண்டும். ஆகவே மெயினையே நிறுத்தி, பியூஸ் கட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, உலர்ந்த மரமுக்காலியின் மீது ஏறுங்கள். இரும்பு ஏணி வேண்டாம். கீழே ஒருவர் நிற்கட்டும். ஸ்டார்ட்டரையும் குழலையும் மாற்றுவதோடு அங்கத்தினரின் வேலை முடிந்தது. சோக், வயரிங், இணைப்புப் பெட்டி ஆகியவை வயர்மேனுக்கு உரியவை.

விளக்கணைத்த பிறகு, பிட்டிங்கின் மேலும் சோக்கின் மேலும் படிந்த பஞ்சுத் தூசை மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைப்பது நல்லது. ஒளியும் கூடும், சோக்கின் சூடும் வெளியேறும்.

விசைத்தறி அங்கத்தினர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. செம்புச் சோக்கில் எரியும் குழல், வினாடிக்கு 100 முறை ஒளி கூடிக் குறைகிறது. கண்ணுக்கு அது தெரியாது. ஆயினும் அதன் வேகத்தோடு ஒத்துச் சுழலும் சக்கரம், நின்றுவிட்டது போலவோ மெல்லப் பின்னோக்கிச் செல்வது போலவோ தோன்றக்கூடும். நின்றுவிட்டதென்று கைநீட்டினால் விபரீதம். அடுத்தடுத்த விளக்குகளை வெவ்வேறு பேஸ்களில் இணைத்தால் ஒன்று மங்கும்போது மற்றொன்று ஒளிரும். தோற்றப் பிழை பெரிதும் நீங்கும். எலக்ட்ரானிக் சோக் குழலுக்கு வினாடிக்குப் பல்லாயிரம் அலைகளைத் தருவதால் அதில் இத்தொல்லை இல்லை. அது தாழ்ந்த மின்னழுத்தத்திலும் விளக்கைப் பற்றவைக்கும். அதற்கு ஸ்டார்ட்டரும் இல்லை. ஸ்டார்ட்டரைக் காணோமே என்று பிட்டிங் முழுதும் தேட வேண்டாம்.

சாயப்பட்டறை வைத்திருப்போர் நிறம் ஒப்பிடுவதற்குக் குழல் விளக்கை நம்பலாகாது. பழைய வகைப் பொடி பூசிய குழல்களில் சிவப்பு ஒளி குறைவு. அரக்கும் மாந்துளிர் நிறமும் அதில் மங்கிக் காணும். இரவில் ஒத்துப்போன இரு சாயங்கள் பகலில் பிரிந்து நிற்பதை அனுபவசாலிகள் அறிவார்கள். வடக்குச் சன்னல் வெளிச்சமே அதற்கு ஏற்றது.

புதிய எல்.இ.டி. குழல்கள்

பாதரசத்தைப் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் 2023-ஆம் ஆண்டு ஜெனீவாவில் கூடி, பாதரசக் குழல் விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027 இறுதிக்குள் நிறுத்துவதென்று முடிவு செய்தன. நமது நாடும் அவ்வுடன்படிக்கையில் 2018-இல் சேர்ந்திருக்கிறது. ஆதலின் பழைய பிட்டிங்குகளுக்காகக் குழல்களை வாங்கி அடுக்கி வைப்பதில் பொருளில்லை. செலவுக் கணக்கும் அதையே சொல்கிறது. 40 வாட் குழலும் அதன் செம்புச் சோக்கும் சேர்ந்து ஏறத்தாழ 55 வாட் கொள்கின்றன. நாளுக்கு 10 மணி நேரமாக 300 நாள் எரிந்தால் ஒரு விளக்கிற்கு 165 யூனிட். 20 வாட் எல்.இ.டி. குழலுக்கு 60 யூனிட். விளக்கு ஒன்றுக்கு ஆண்டில் 105 யூனிட் மிச்சம்.

ஆனால் மாற்றும்போது விழிப்பு வேண்டும். ஒரு வகை எல்.இ.டி. குழலைப் பழைய பிட்டிங்கிலேயே மாட்டலாம். அதனோடு தரும் போலி ஸ்டார்ட்டரைப் பழைய ஸ்டார்ட்டர் இருந்த இடத்தில் போட வேண்டும். மற்றொரு வகைக்குச் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் அகற்றி, வயர்மேனைக் கொண்டு கம்பிகளை நேராக இணைக்க வேண்டும். பேஸும் நியூட்ரலும் ஒரே முனையில் தருபவை இவ்வகையில் உண்டு. இரண்டையும் குழப்பினால் விளக்கு எரியாது; சில வேளைகளில் புகையும். பிட்டிங்கை நேர் இணைப்பிற்கு மாற்றியபின், எவரேனும் அறியாமல் பழைய பாதரசக் குழலை அதில் மாட்டிவிடவும் கூடாது. மாற்றிய பிட்டிங்குகளின் மேல் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, எந்த முனையில் மின்சாரம் என்பதையும் எழுதி வைக்குமாறு நாம் செல்லுமிடமெல்லாம் சொல்லி வருகிறோம்.

கழித்த பாதரசக் குழல்களைக் குப்பைமேட்டில் உடைத்துப் போடலாகாது. 2016-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளிலேயே அவை சேர்க்கப்பட்டுவிட்டன. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கும்வரை, அட்டை உறையோடு உலர்ந்த இடத்தில் வைத்திருங்கள். தவறி உடைந்தால் விசிறியை நிறுத்திக் கதவு சன்னல்களைத் திறந்துவிட்டுச் சிறுவர்களை வெளியே அனுப்புங்கள். கால் மணி நேரம் கழித்துக் கையுறையோ பாலித்தீன் பையோ கையில் மாட்டிக்கொண்டு, சில்லுகளை அட்டையால் வாரி, பொடியை ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள புட்டியில் போடுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் பொடி பறந்து பாவிலும் நூலிலும் படியும். மேற்சொன்ன தறிக்கூடத்தில் எரியாத நான்கு குழல்களும் இப்போது அட்டை உறையில் போட்டுக் கட்டி, தேதி எழுதி, நூல் அறைக்கு எதிர்ப்புறத்துப் பரண்மேல் வைக்கப்பட்டிருக்கின்றன. நல்லவை பத்தும் இருப்புப் பதிவேட்டில் வரவு வைக்கப்பட்டன.